லீவும் லீஃபும்

தர்மிளாவுக்கும் பீல்ட் ஆபிசர் வைரவநாதனுக்கும் எலியும் பூனையும்தான். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று எடையில் அவர் தாராளமாகக் கழித்ததை ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அந்த வன்மம் அவருக்கு ஆறவே இல்லை. மகளுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், நாளைக்கு லீவு வேண்டும் என்று அவள் போய் நின்றபோது, “கொழுந்து முத்துற நேரத்தில லீவோ? போய் வேலையைப் பார்” என்று விரட்டினார்.

அன்றைக்கே தோட்டத்து மேனேஜரான புதுத் துரை கொழுந்து பறிக்கும் மலைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்குச் சிங்களம் வராது. முதுகுக் கூடையோடு ஓடிப்போய், தெரிந்த இங்கிலீஷில் கேட்டாள்: “டுமாரோ லீவ், சேர்?”

துரை நிறைந்த கூடையைப் பார்த்தார். “குட், குட்!” என்று சிரித்துவிட்டு நடந்தார். பக்கத்தில் நின்ற வைரவநாதன் வாயில் கொழுக்கட்டை.

ஆபரேஷன் முடிந்தது. பிள்ளையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு மறுநாள் காலை, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு வந்தாள்.

“சொல்லாமல் போனவளுக்கு இஞ்ச வேலை இல்லை” என்றார் வைரவநாதன்.

“தொரையே குட்டுன்னு சொன்னாருங்க. நீங்களும் நின்னீங்கதானே?”

“மோட்டுக் கழுதை! நீ கேட்டது அவருக்கு லீஃப் எண்டு விழுந்தது. நாளைக்கும் நல்ல கொழுந்து வருமெண்டு சந்தோசப்பட்டவர். லீவ் வேற, லீஃப் வேற. உனக்கெங்க விளங்கப்போகுது?”

தவளை தன் வாயால் கெடும் என்பது பொய்யில்லை.

“எனக்கு வெளங்கலதான். ஒங்களுக்கு அங்கேயே வெளங்கிருச்சில்ல? அப்புறம் ஏன்யா வாயத் தொறக்கல? பச்சப் புள்ள வயித்தக் கிழிக்கப் போற நேரம், அதுலயுமா ஒமக்கு வெளையாட்டு?”

பக்கத்தில் நின்ற கனகம்தான் முதலில் கூடையை இறக்கினாள். “அவளுக்கு வேல குடுக்கிற வரைக்கும் எங்களுக்கும் லீவுதாங்க.” ஒவ்வொருத்தியாகக் கூடையை இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்தார்கள்.

வைரவநாதனின் போன் அடித்தது. துரைதான். இன்றைக்குக் கொழுந்து எப்படி என்று கேட்டார். சிக்னல் வேறு விட்டுவிட்டு வந்ததால் ஸ்பீக்கரைப் போட்டார்.

“லீவ், சேர்... ஓல் லீவ்!” என்று கத்தினார் வைரவநாதன்.

“குட், குட்! வெரி குட்!” என்றது போன். களம் முழுக்கக் கேட்டது.

தர்மிளா கையைக் கட்டிக்கொண்டு அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

“ரெண்டும் வேற வேறன்னு இப்பவாச்சும் அவருக்கு வெளங்கப்படுத்துங்கய்யா.”