பரிமளா எடுத்த படம்

பெரம்பலூரில் பெண் பார்க்கக் கிளம்புகிறவர்கள், பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பாலசுந்தரம் எடுத்த படத்தைத்தான் பார்ப்பார்கள். அந்தப் படத்தில் கறுப்பு மாநிறமாகும், மாநிறம் சிவப்பாகும், தெத்துப்பல் ஒழுங்காகப் போய் வரிசையில் நின்றுகொள்ளும். முகத்தைச் சரக்கு மாதிரிப் பார்க்கத் தெரிந்தவன் அவன். எந்தப் பக்கத்தைக் காட்டினால் விலை போகும், எந்தப் பக்கத்தைச் சாக்குப் போட்டு மூட வேண்டும் என்று ஆளைக் கண்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவான். பாலக்கரையில் இருபத்திரண்டு வருஷமாக பாலா ஸ்டூடியோ ஓடுவது அந்தக் கண்ணால்தான்.

அவன் மனைவி பரிமளாவும் கூடவே இருந்தாள். கம்ப்யூட்டரில் முகங்களை வெளுப்பது அவள் வேலை. விசேஷங்களில் பழைய கேமரா ஒன்றைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பக்கம் எடுப்பாள். பந்தி, கோலம், தூங்கும் குழந்தை, ஆல்பத்தில் இடம் மீந்தால் நிரப்புவதற்கு. பாலசுந்தரத்தின் கணக்குப்படி அதெல்லாம் படமில்லை, கொசுறு.

மே மாதம் செந்துறைப் பக்கம் கிருஷ்ணமூர்த்தி வீட்டு மஞ்சள் நீராட்டுக்குப் போயிருந்தார்கள். கிருஷ்ணமூர்த்திக்கு முந்திரி வியாபாரம். வீட்டு முன்னால் மேடை, ஜிகினா, மயில் மாதிரி நாற்காலி. வீட்டுப் பின்னால் முந்திரி உடைக்கிற கொட்டகை. பாலசுந்தரம் மேடையில் அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தாடையைத் தூக்கு, தாடையை இறக்கு என்று பாடம் நடத்திக்கொண்டிருந்த அரைமணி நேரம் பரிமளாவைக் காணோம். கொல்லைப் பக்கம் போனவள் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டிருந்தாள். அங்கே அதே வயசில், அல்லது அதற்கும் குறைவாக, ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தது. பரிமளா படம் எடுத்தாள்.

அன்று சாயங்காலம் வண்டியில் திரும்பும்போது அந்தப் பிள்ளையைப் பற்றி அவள் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள். பாலசுந்தரம் மனசெல்லாம் ஆல்பத்து அட்டை வெல்வெட்டா ரெக்ஸினா என்பதில் இருந்தது. ம், ம் என்றான்.

ஜூன் மாதம் அரியலூரில் குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாளுக்கு ஒரு கண்காட்சி வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம் என்று போன் நம்பர் கொடுத்திருந்தார்கள். பரிமளா படத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து, யார் கொட்டகை என்று ஒரு வரியும் சேர்த்து, ஸ்டூடியோ போனில் அனுப்பிவிட்டாள். ஸ்டூடியோ கம்ப்யூட்டரிலிருந்து எந்தப் படம் வெளியே போனாலும், வலது பக்க மூலையில் ‘பாலா, பெரம்பலூர்’ என்று தானாக விழும். காது குத்துக்கும் விழும், கண்ணீர் அஞ்சலிக்கும் விழும். இதற்கும் விழுந்தது. மறுநாள் பேப்பரில் படம் வந்தது. கீழே எழுதியிருந்தது: படம், பாலா.

டீக்கடையில் நாலு பேர் கைகுலுக்கினார்கள். பாத்திரக்கடைக்காரர் எழுந்து நின்றே கும்பிட்டார். பாலசுந்தரம் ‘நான் எடுக்கவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். வாயில் டீ இருந்தது. விழுங்குவதற்குள் ஐந்தாவது ஆள் வந்துவிட்டான்.

கடைக்கு வந்து பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு குற்றம் தேடினான். கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் அளவுக்கு மீறி வெளுத்திருந்தது. ஓரத்தில் யாரோ ஒரு அம்மாளின் முழங்கை பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. மூன்றையும் விரல் விட்டு எண்ணிவிட்டு மறுபடி பார்த்தான். பிள்ளை யார் என்று தெரியாமலிருக்க அதன் கண்களுக்கு மேல் பேப்பர்க்காரர்கள் கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். அப்படியும் அது பார்ப்பது தெரிந்தது. கொட்டையின் பால் பட்டுக் கறுத்துப்போன பத்து விரல். அதில் ஒரு விரல் சுத்தியலைப் பிடிக்காமல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது, வலிக்கிற விரல். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் எடுத்த எந்தக் கையிலும் எந்த விரலும் வலித்ததில்லை. 

“பேரு மாறிப் போட்டுட்டாங்க போல,” என்றாள் பரிமளா.

“ஸ்டூடியோ பேருதானே. ஸ்டூடியோ நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தானே.”

அவள் ஒரு பாஸ்போர்ட் படத்துக்கு நீலம் அடிக்கப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் பாலசுந்தரம் ஜெயித்திருப்பான்.

வெள்ளிக்கிழமை சிறுவாச்சூருக்குக் கிளம்பினான். திங்களும் வெள்ளியும்தான் அங்கே அம்மன் கோயில் நடை திறக்கும்; கூட்டம் இருக்கும், கூட்டத்தில் எலுமிச்சம்பழம் விற்கிற பிள்ளைகள் இருக்கும். பரிமளாவுக்கு ஒரு பிள்ளை கிடைத்தால் தனக்குக் கிடைக்காதா என்பது அவன் நியாயம். கிடைத்தது. பூக்கடை ஓரம் ஒரு பெண்பிள்ளை, எண்ணெய் காணாத தலை, கையில் எலுமிச்சம்பழக் கூடை. கேமராவைக் கண்டதும் அது கூடையைக் கீழே வைத்துவிட்டு, தலையை இரண்டு கையாலும் படிய வாரி, கைகளை உடம்போடு ஒட்டி நின்றது. கூடையை எடுத்துக்கொள்ளச் சொன்னான். தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொன்னான். சோகமாகப் பார்க்கச் சொன்னான்.

“எவ்ளோ சோகம் சார்? அழணுமா, சும்மா மூஞ்சியைத் தொங்கப் போட்டா போதுமா?” என்று கேட்டது பிள்ளை.

இதற்குள் அதன் அம்மா ஓடிவந்து முந்தானையால் அதன் முகத்தை அழுந்தத் துடைத்துவிட்டு, இப்ப எடுங்க சார், நல்லா எடுத்தீங்கன்னா ஸ்கூல் கார்டுக்கும் ஆகும், ஆறு காப்பி போட்டுக் கொடுங்க என்றாள். பாலசுந்தரம் ஆறு காப்பி போட்டுக் கொடுத்தான். பிள்ளை அம்சமாக இருந்தது.

சனிக்கிழமை இரண்டு போன் வந்தது. முதலாவது, அரியலூர் தொழிலாளர் ஆபீசிலிருந்து. தேவயானி என்று ஒரு அதிகாரி. பேப்பர் பார்த்துவிட்டுக் கொட்டகைக்குப் போனார்களாம். பெரிய பெண்கள் மட்டும்தான் உட்கார்ந்திருந்தார்களாம், பிள்ளை ஒன்றுகூட இல்லையாம். படம் எடுத்தவர் திங்கட்கிழமை நேரில் வந்து, எங்கே, எப்போது எடுத்தது, அந்தப் பிள்ளை யார் என்று வாக்குமூலம் தர வேண்டும் என்றார்.

இரண்டாவது போன் கிருஷ்ணமூர்த்தி. அவர் கோபமே படவில்லை. வியாபாரி கோபப்பட்டால் சரக்கு தேங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

“பாலா தம்பி, ஆவணியில பெரியவளுக்குக் கல்யாணம். போட்டோ, வீடியோ எல்லாம் நீங்கதான்னு வூட்ல சொல்லிட்டேன். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போறீங்களாமே. போங்க. போயி, நான் எடுக்கலை, எவனோ நம்ம பேரைப் போட்டு அனுப்பிட்டான்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க.”

பாலசுந்தரம் போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டான். ‘நான் எடுக்கலை’ என்பது உண்மை. உலகத்தில் பொய் சொல்லத்தான் ஆள் பிடிப்பார்கள். உண்மையைச் சொல்ல ஒருவர் கல்யாண ஆர்டரே தருகிறார். அப்படிச் சொன்னால் கல்யாணம் கிடைக்கும், ஆனால் பாத்திரக்கடைக்காரரின் கும்பிடு போய்விடும். கும்பிட்டை வைத்துக்கொண்டால் கல்யாணம் போய்விடும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அந்தப் பிள்ளை அந்த வியாபாரத்தில் எங்குமே வரவில்லை என்பது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது பரிமளா ஒரு அழைப்பிதழை நீட்டினாள். மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ். அதன் பின்பக்கம் முழுக்கப் புருவம் தீட்டுகிற பென்சிலால் எழுதியிருந்தது.

“அந்தப் பொண்ணு சொன்னதெல்லாம் இதுல இருக்கு. நாளைக்கு நானும் உள்ள வரேன். இல்லைன்னா இதையாவது படிச்சுட்டுப் போங்க.”

“கூப்பிட்டது என்னை. சீட்டு பாத்து எழுத இதென்ன பரீட்சையா?” என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனான்.

திங்கட்கிழமை அவன் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்ப, அவள் பழைய கேமராவும் அழைப்பிதழுமாக வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள். அரியலூர் வரைக்கும் சிமென்ட் லாரிகள்தான் பேசின. ஆபீசில் வெளி பெஞ்சைக் காட்டி, நீ இங்க உக்காரு என்று சொல்லிவிட்டு அவன் மட்டும் உள்ளே போனான்.

உள்ளே கிருஷ்ணமூர்த்தி விபூதி பளிச்சென்று உட்கார்ந்திருந்தார். படத்தில் இருப்பது என் கொட்டகை இல்லை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். என் கொட்டகையாகவே இருந்தாலும் அது விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரப் பெண், சும்மா விளையாட்டுக்கு உட்கார்ந்தது, அதற்கும் பதினைந்து வயசு முடிந்துவிட்டது என்றும் சொல்லியிருந்தார். ஒரு கடையில் இல்லாவிட்டால் இன்னொரு கடையில் கிடைக்கட்டும் என்பது போல எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தார்.

தேவயானி முதலில் சுலபமாகத்தான் கேட்டார். என்ன கேமரா, என்ன லென்ஸ். பாலசுந்தரம் மளமளவென்று சொன்னான். எங்கே நின்று எடுத்தீர்கள் என்றார். படத்தை வைத்தே, ஜன்னலுக்கு இடது பக்கம் என்றான். அதுவும் செல்லுபடியாயிற்று. பிறகு அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அந்தப் பொண்ணுகிட்டப் பேசினீங்களா? பேரு என்ன? இப்ப எங்க கொண்டுபோய் வெச்சிருப்பாங்கன்னு ஏதாவது தெரியுமா? உங்களை விட்டா எங்களுக்கு வேற ஆள் இல்ல.”

பேர். படத்தை அணு அணுவாக மூன்று நாள் பார்த்தவனுக்குப் பேர் தெரியவில்லை. வெளியே பெஞ்சில் ஒரு அழைப்பிதழின் பின்பக்கத்தில் அந்தப் பேர் இருந்தது. படித்துவிட்டாவது வந்திருக்கலாம். படிக்காமல் போனதற்குக் காரணம் அது அவள் கையெழுத்து என்பதுதான், வேறொன்றுமில்லை.

“நான் எடுக்கலைங்க மேடம்,” என்றான்.

கிருஷ்ணமூர்த்தியின் முகம், தாடையை யாரும் தூக்கச் சொல்லாமலே, அழகாக மலர்ந்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் உண்மையும் சொன்னதாயிற்று, ஆவணிக்குக் கல்யாணமும் ஆயிற்று. பாலசுந்தரம் ஒரு மூச்சு நிறுத்தியும் பார்த்தான். தேவயானி ஃபைலை மூடக் கையை வைத்தார்.

“எம் பொண்டாட்டி எடுத்தா. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கா. எல்லாம் எழுதி வெச்சிருக்கா.”

சொல்லி முடித்ததும் கல் இறக்கின மாதிரி இருக்கும் என்பார்கள். அவனுக்குப் பல்லைப் பிடுங்கின மாதிரி இருந்தது.

பரிமளா வந்து நின்றாள். பிள்ளை பேர் பிரவீணா. பதினொண்ணு நடக்கிறது. அஞ்சாவதோடு நிறுத்திவிட்டார்கள். மேல் வரிசையில் கோரைப்பல் விழுந்து புதுசு பாதிதான் வந்திருக்கிறது. ஆல்பத்துக்கு உன் பாவாடைக் கலர் பார்க்கணும் என்று பொய் சொல்லிப் பக்கத்தில் நிற்க வைத்தாளாம். அதன் உச்சந்தலை இவள் தோளில் குத்தியிருந்த பின்னுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றதாம். பின் தரையிலிருந்து நாலடி இரண்டு அங்குலம், வீட்டுக்கு வந்து டேப் வைத்துப் பார்த்தாளாம்.

“பதினஞ்சு வயசுப் பிள்ளை நாலடி ஒண்ணா இருக்குமுங்களா மேடம்?” என்றாள்.

தேவயானி மறுபடி பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார். பிறகு, நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் படம் எடுக்கிற ஒருத்தர் இப்படித்தான் செய்தார் என்றார். ஏதாவது பொய் சொல்லிப் பஞ்சாலைக்குள் நுழைவாராம். தன் கோட்டுப் பொத்தான் ஒவ்வொன்றும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, பிள்ளைகள் பக்கத்தில் நின்று அளப்பாராம். பாக்கெட்டுக்குள் கையை விட்டபடியே குறிப்பும் எழுதிக்கொள்வாராம். அந்தப் படங்களும் ஒரு காரணமாகி அங்கே பிள்ளைகளை வேலைக்கு வைக்கத் தடை வந்ததாம். பயிற்சியில் எங்களுக்குக் காட்டினார்கள், நீங்கள் எங்கேயாவது படித்தீர்களா என்று கேட்டார்.

“இல்லீங்க. சேலைக்கு ஏதுங்க பாக்கெட். பாத்ரூமுக்குள்ள போயி எழுதினேன்.”

பாலசுந்தரத்துக்கு அந்த அமெரிக்காக்காரர் மேலேயும் எரிச்சல் வந்தது. செத்துப் பல காலம் ஆனவர். அவருக்கும் பரிமளாவோடுதான் கூட்டுச் சேரத் தோன்றியிருக்கிறது.

“அப்புறம் ஒண்ணுங்க மேடம். ஆபீசர் யாராவது வந்தா, ஏரிக்கரைப் பழைய கோழிப்பண்ணைக்கு ஓடிடணும்னு சொல்லி வெச்சிருக்காங்களாம். அங்கயும் கொட்டை கொட்டிக் கிடக்குமாம்.”

கிருஷ்ணமூர்த்தி போனை எடுத்தார். அதை மேஜை மேலேயே வைக்கச் சொன்னார் தேவயானி. கொஞ்ச நேரத்தில் ஜீப் கிளம்பியது. பிள்ளையை அடையாளம் காட்ட பரிமளா முன்னால் ஏறினாள். பின்னால் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். பாலசுந்தரம் வண்டியை உதைத்து, செந்துறை ரோட்டில் அந்த ஜீப்பின் புழுதியைத் தின்றுகொண்டே போனான்.

கோழிப்பண்ணை வாசலில் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டி மறித்தார். யாருங்க நீங்க என்றார்.

“போட்டோகிராபரோட வீட்டுக்காரருங்க.”

அப்படியானால் ஓரமாக நில்லுங்கள் என்றார் அவர்.

ஓரமாக நின்றான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒன்பது பிள்ளைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பிரவீணா பரிமளாவின் முந்தானையைக் கறுத்த விரல்களால் பிடித்துக்கொண்டிருந்தது. முகம் வேண்டாம், கொட்டை மூட்டையோடு கைகளை மட்டும் எடுங்கள், கேஸுக்கு வேண்டும் என்று தேவயானி சொல்வது கேட்டது. பரிமளா பழைய கேமராவைத் தட்டினாள், உலுக்கினாள். பிறகு வாசலைப் பார்த்து வந்தாள்.

“ஏங்க, இதுல சார்ஜ் இல்ல. உங்களோடதைக் குடுங்க.”

அவன் கேமராவை இதுவரை இன்னொருத்தர் தொட்டதில்லை. வார் கழுத்தில் சிக்கிக்கொண்டது. அல்லது சிக்கிக்கொள்ளட்டும் என்று விட்டானோ என்னவோ, தலை வழியாக அது வெளியே வர ரொம்ப நேரம் ஆயிற்று. அவள் அவசரப்படுத்தாமல் கையை நீட்டியபடியே நின்றாள்.

“வெளிச்சம் எதிர இருக்கு. பாத்து எடு,” என்றான்.

“தெரியுதுங்க,” என்றாள் பரிமளா.