விலை பேசிய பந்தல்

"என்ன இன்ஜினியரம்மா, பள்ளிக்கூடம் விட்டாச்சா?"

கேட்டவர் சங்கரலிங்கம். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சை போட்டவர்களில் பாதிப் பேருடைய பழத்தை வெட்டி, குமுளி வழியாகக் கேரளாவுக்கு லாரி ஏற்றுகிற வியாபாரி. வாய் நிறைய வெற்றிலையோடு பாண்டீஸ்வரி வீட்டு வாசலில் பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

பாண்டீஸ்வரி பிளஸ் ஒன் படிக்கிறவள். கம்பத்தில் பஸ் ஏறி, நெரிசலில் மிதிபட்டு, வயிறு காந்த வந்திருந்தாள். ஆள் ஏதோ கேலி பேசுகிறார் என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். உள்ளே அவள் அப்பா வீரணன் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் சிரித்த முகமாக இருந்தாலே ஏதோ வில்லங்கம் நடந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

"ஆத்தா, ஒனக்கு இன்ஜினியரிங் சீட்டுப் போட்டாச்சு" என்றார். "அண்ணாச்சியோட மச்சினன் புதுசாத் தொறக்குற காலேஜுல மேனேஜரா இருக்காகளாம். இப்பவே புக் பண்ணுனா ஃபீஸக் கொறைப்பாகளாம். நம்ம திராட்சைப் பந்தலுக்கு அண்ணாச்சி அட்வான்ஸ் குடுத்தாக. அதுல பாதிய ஒன் சீட்டுக்குன்னு அவுகளே பிடிச்சுக்கிட்டாக. ஒரே பேச்சுல ரெண்டு காரியமும் முடிஞ்சுபோச்சு."

"என்னையக் கேட்டீகளா?"

"ஒன்னைய எதுக்குக் கேக்கணும்?"

அந்த 'எதுக்கு'தான் அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சோறு உண்டா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவளுக்கென்று ஒரு கணக்கு இருந்தது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி. பந்தலில் இலை கருகும்போதெல்லாம் அப்பா மருந்துக் கடைக்கு ஓடுவார். கடைப் பையன் எதை எடுத்துக் கொடுக்கிறானோ அதைக் கொண்டுவந்து அடிப்பார். கருகல் நிற்காது. அடுத்த வாரம் வேறு டப்பா. இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய்த்தான், இது என்ன நோய், எதனால் வருகிறது என்று நாமே படித்துத் தெரிந்துகொண்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. கூடப் படிக்கிற ருக்சானாவின் அக்கா ஷர்மின் அந்தக் கல்லூரியில்தான் படித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய், என்னென்ன செய்ய வேண்டும் என்று துருவித் துருவிக் கேட்டாள்.

"பிளஸ் டூ ரிசல்ட் வந்தப்புறம் பாத்துக்கிடலாம்னு மட்டும் இருந்துறாத, பாண்டி" என்றாள் ஷர்மின். "அப்ப எல்லாரும் திருவிழாக் கூட்டமா அலைவாக. இப்பவே கெமிஸ்ட்ரியப் பிடி. பிளஸ் ஒன் பாடந்தானேன்னு ஒங்க ஸ்கூல்ல தள்ளிவிட்டா விடாத, அது தெரியாம பிளஸ் டூ புரியாது. சாதிச் சான்று இப்பவே எழுதிக் குடுத்து வாங்கி வையி. ஒரு நாள் வந்து காலேஜ நேர்ல பாரு. எல்லாத்துக்கும் மேல, வீட்டுல சொல்லிரு. நெறையப் பொம்பளப் பிள்ளைக கோட்ட விடுறது அங்கனதான்."

எல்லாவற்றையும் செய்தாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு ருக்சானாவோடு பெரியகுளம் போய், மாமரத்துக்கு ஒட்டுக் கட்டுவதை வேலியோரம் நின்று பார்த்துவிட்டுக்கூட வந்தாள். தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்தாள். வீட்டில் சொல்வது ஒன்றுதான் பாக்கி. அரையாண்டில் நல்ல மார்க் வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் மறுபேச்சு இருக்காது என்று நினைத்திருந்தாள். அதற்குள் மனுஷர் முந்திக்கொண்டார்.

"எனக்கு இன்ஜினியரிங் வேணாம்ப்பா. நான் பெரியகுளத்துல தோட்டக்கலை படிக்கப் போறேன்."

"தோட்டக்கலையா?" வீரணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மம்பட்டி பிடிக்கக் காலேஜு வேற போவியா? அத நம்ம பந்தல்லயே படிக்கலாமே, ஆத்தா."

"வேணாம்னு சொல்லிருங்க அவுககிட்ட."

சிரிப்பு நின்றது. "அட்வான்ஸ் வாங்கிட்டேன்டி. வாக்குக் குடுத்துட்டேன்."

அந்தப் பக்கத்தில் அது லேசுப்பட்ட விஷயம் இல்லை. பிஞ்சு பிடித்ததும் வியாபாரி வந்து பார்ப்பான், விலை பேசுவான், பந்தலுக்கடியில் நின்று அட்வான்ஸைக் கையில் வைப்பான். அதோடு முடிந்தது. அப்புறம் வேறு எந்த வியாபாரியும் அந்தப் பந்தலுக்குள் குனிந்து நுழைய மாட்டான். விலை ஏறினாலும் பேசின விலைதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் வீரணன் அட்வான்ஸ் வாங்கின பிறகு விலை இரண்டு மடங்கானது. வேறொரு வியாபாரி வரப்பில் நின்று கெஞ்சினான். போய்யா என்று விரட்டிவிட்டார். அந்த வருஷம் வீட்டு ஓடு மாற்றாமல் அடுப்படியில் மழை ஒழுகியது. ஆனால் டீக்கடையில் வீரணனுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். அந்த இடத்தை அவர் இன்னும் காலி பண்ணவில்லை.

"நான் என்ன ஒங்க பந்தல்ல தொங்குற பழமா, என்னையச் சேத்து அட்வான்ஸ் வாங்குறதுக்கு?" என்று கத்தினாள் பாண்டீஸ்வரி.

"ஏய், வாயக் கொறைடி" என்று அடுப்படியிலிருந்து வந்தாள் அம்மா ஜக்கம்மா. "இன்ஜினியர்னா நாலு பேரு மதிப்பாக. நல்ல எடத்துல கேட்டு வருவாக. இவ மண்ணக் கெளறுறதுக்குப் படிக்கப் போறாளாம். கொழுப்பு!"

"மண்ணக் கெளறித்தான நீ சோறு திங்குற?"

அறை விழவில்லை. விழுந்திருந்தாலும் அவள் அசைந்திருக்க மாட்டாள், அவ்வளவு கொதிப்பு. தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகச் சங்கரலிங்கத்தின் கமிஷன் கடைக்குப் போனாள். ருக்சானாவும் கூடவே வந்தாள். "வேணாம்டி, வீட்டுல தெரிஞ்சா கொன்னுருவாக" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தாளே தவிர, திரும்பிப் போகவில்லை.

"அண்ணாச்சி, எனக்கு அந்தச் சீட்டு வேணாம். ரத்து பண்ணிருங்க."

சங்கரலிங்கம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பழம் ஏற்றுகிற பிளாஸ்டிக் கிரேடுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆட்களும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ரத்து பண்ணலாம், தாயி. அதுக்கென்ன? ஆனா ரெண்டும் ஒரே பேச்சுல முடிஞ்சது. சீட்டு வேணாம்னா பந்தலும் வேணாம். நான் விட்ட பந்தல வேற எவனும் தொட மாட்டான், அது ஒங்க அப்பனுக்குத் தெரியும். பழம் கொடியிலேயே அழுகட்டுமா? போயி அவருகிட்டக் கேட்டுட்டு வா." சொல்லிவிட்டு ஆட்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அந்தக் கண்ணடிப்பில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு கிரேடை எடுத்து அவர் தலையில் கவிழ்த்துவிடலாமா என்றிருந்தது. ருக்சானா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

சேதி அவளுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. "எம் மானத்த வாங்கிட்டியேடி" என்று வீரணன் நடுவீட்டில் நின்று ஆடினார். "பொட்டப்பிள்ள வியாபாரி கடையில போயி நிக்கிறா. வீரணன் வாக்கு மாறுறான்னு நாளைக்கு ஊரே பேசும். படிச்சா அந்தக் காலேஜுல படி. இல்லன்னா பிளஸ் டூவோட நின்னுக்க. ரெண்டுல ஒண்ணு."

அதன் பிறகு பாண்டீஸ்வரி அப்பாவோடு பேசவில்லை. அவர் கேட்டால் அம்மாவைப் பார்த்துப் பதில் சொன்னாள். கெமிஸ்ட்ரி புத்தகத்தை எடுக்கும்போதெல்லாம் இதைப் படித்து என்னத்தைக் கிழிக்கப் போகிறோம் என்று ஆத்திரமாக வரும். மூடி வைப்பாள். மூடி வைத்தால் இன்னும் ஆத்திரமாக வரும். திறந்து படிப்பாள். அப்பா மேல் இருந்த வயிற்றெரிச்சலிலேயே பாடம் மனப்பாடம் ஆனது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்யாமல் அடைமழையாக ஊற்றியது. பழம் கறுத்து வெட்டுக்குத் தயாராக நின்ற நேரம். நாலைந்து நாள் தள்ளினால் வெடித்துவிடும். குமுளி ரோட்டில் மண் சரிந்து லாரி நின்றது. கேரளாவில் கேட்பார் இல்லை. விலை சரசரவென்று இறங்கியது. வீரணன் கலங்கவில்லை. விலை பேசியாச்சு, அண்ணாச்சி ஆள் அனுப்புவாக என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆள் வரவில்லை. மழை வெறித்த ஒரு சாயங்காலம் சங்கரலிங்கமே வந்தார். உட்காரக்கூட இல்லை.

"வீரணா, மார்க்கெட்டு படுத்துருச்சு. பேசுன விலைக்கு எடுத்தா நான் தலையில துண்டப் போட்டுட்டுப் போக வேண்டியதுதான். பாதிக்குன்னா நாளைக்கு ஆள் விடுறேன்."

"அண்ணாச்சி, பேசுனது பேசுனதுல்ல? வாக்கு..."

"யாவாரம்னா ஏத்த எறக்கம் இருக்கும்யா. வாக்காம் வாக்கு. அத வச்சு லோடு அனுப்ப முடியுமா?"

சுவரோரம் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பாண்டீஸ்வரி நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. இத்தனை வருஷமாக இந்த ஆள் ஒற்றைக் கையால் ஓசை எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. விலை ஏறினால் வாக்கு இவரைக் கட்டிப்போடும், இறங்கினால் அண்ணாச்சியைத் தொடாது. ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது, மறு பக்கம் நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

"வெளிய போய்யா" என்றார் வீரணன். முதலில் மெதுவாகத்தான் சொன்னார். அப்புறம் தெரு முழுக்கக் கேட்கக் கத்தினார். "ஒன் அட்வான்ஸ மூஞ்சியில வீசி எறியுறேன், எடுத்துட்டுப் போ! எம் பந்தலும் ஒனக்கு இல்ல, எம் மக ஒன் மச்சினன் காலேஜுக்கு வரவும் மாட்டா. போய்யா!"

சங்கரலிங்கம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே பைக்கை எடுத்தார். அன்றைக்கே வீரணன் லோயர் கேம்ப் பக்கம் போய், பழம் ஏற்ற ஒரு ஜீப்பை வாடகைக்குப் பேசிவிட்டு வந்தார். விடிந்ததும் வீட்டு ஆட்களே பழம் வெட்டி, ரோட்டோரம் வைத்துக் கிடைத்த விலைக்கு விற்பது என்று முடிவானது.

சாப்பிட உட்கார்ந்தபோது மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார். முகத்தில் பழைய சிரிப்பு பாதி திரும்பியிருந்தது.

"என்ன ஆத்தா, இப்பச் சந்தோசமா? வேணாம்னுட்டேன். நீ ஒன் இஷ்டப்படி பெரியகுளத்துலயே படி. ஒனக்காக அந்த அண்ணாச்சியவே பகைச்சுக்கிட்டேன் பாத்தியா."

"சரின்னு சொல்லுடி" என்றாள் ஜக்கம்மா.

பாண்டீஸ்வரிக்கு நியாயமாகச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் வந்தது அதுவரை வராத கோபம். கத்துகிற கோபம் இல்லை. குரலே உயரவில்லை.

"எனக்காகவாப்பா?"

"பின்ன?"

"வெல எறங்காம இருந்திருந்தா?"

வீரணன் பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். ஜக்கம்மா, "சாப்புடுறப்ப என்னடி கேள்வி?" என்று அதட்டினாள். பாண்டீஸ்வரி அம்மா பக்கம் திரும்பவே இல்லை. மெய்யாகவே பதில் தெரிய வேண்டும் என்று காத்திருந்தாள். ஒரு பொய்யாவது சொல்லட்டும், 'அப்பவும் ஒனக்காக வேணாம்னுருப்பேன், ஆத்தா' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அதை நம்பிக்கொண்டு போய்விடலாம் என்றுகூட இருந்தது.

அவர் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"காலையில பழம் வெட்ட நானும் வாரேன்" என்று எழுந்தாள் பாண்டீஸ்வரி. "ஆனா இனிமே எனக்காக யாருக்கும் வாக்குக் குடுக்காதீகப்பா. எனக்கும் குடுக்காதீக."