கோமு போட்ட ஒப்பந்தம்

கோமுவுக்கு எதுவும் முறைப்படி நடக்க வேண்டும். வண்ணார்பேட்டையில் ஸ்டெஃபியோடு சேர்ந்து மாடி அறை பிடித்த முதல் வாரம், டிவியில் டப்பிங்கில் ஒரு சிரிப்புத் தொடர் ஓடியது. அதில் ஒரே வீட்டில் தங்கியிருக்கும் இரண்டு பேர், யார் எப்போது குளிப்பது என்பதற்குக்கூட ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஸ்டெஃபி விழுந்து விழுந்து சிரித்தாள். கோமு எழுந்து போய்ப் பேனாவைத் தேடினாள்.

ஸ்டெஃபி உவரிக்காரி, செல்போன் கடையில் வேலை. "நான் கொறட்ட விடுவேன்ட்டி, அதுக்கும் சேத்து ஒரு விதி போட்டுக்கோ" என்று படிக்காமலேயே கையெழுத்துப் போட்டாள்.

கோமு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் இருப்பவள். பொழுதன்னைக்கும் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து அலுத்தவள் அதில் கூடுதலாக ஒரு விதி எழுதியிருந்தாள்: தொற்றுநோய் வந்தவர் அன்றே தம் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அது தனக்கே வரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

பங்குனி வெயில் ஆளைப் பார்த்தா அடிக்கும்? ஒரு காலையில் கண்ணாடி பார்த்தால், நெற்றியிலும் கழுத்திலும் முத்து முத்தாக அம்மை. அம்பாசமுத்திரத்து வீட்டில் அக்கா நித்யா நிறைமாதம். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. இங்கேயோ தன் கையாலேயே எழுதிய விதி சுவரில் ஒட்டியிருக்கிறது. போக்கிடம் இல்லை என்று தெரிந்தே பையில் துணியை அடைத்தாள்.

"எங்கட்டி கெளம்புத?" பால் பாக்கெட்டோடு மேலே வந்த ஸ்டெஃபி வாசலிலேயே நின்றாள்.

"ஏதாவது லாட்ஜுக்கு."

"மூஞ்சிய கண்ணாடில பாத்தியா? எந்த லாட்ஜுல விடுவான்?"

"நான் போட்ட விதிய நானே மீறுனா நல்லாவா இருக்கும்?"

வாய்தான் வீறாப்புப் பேசியது. 'இரு' என்று ஒரு சொல் சொல்லிவிட மாட்டாளா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஸ்டெஃபி பாலை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். அவ்வளவுதான், அவளும் பயந்துவிட்டாள் என்று கோமு நினைத்தாள்.

திரும்பி வந்தவள் கை நிறைய வேப்பங்குழை. வீட்டுக்காரர் மரத்தில் ஒடித்தது. அதை வாசல் நிலையில் செருகிவிட்டு, கோமுவின் பையைப் பிடுங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"எனக்குச் சின்னதுலயே வந்துட்டுப் போயாச்சு. இன்னைலருந்து இங்கன தாளிப்பு கெடையாது. ரெண்டு பேருக்கும் கஞ்சிதான்."

"உங்களுக்கு இதெல்லாம் கெடையாதேட்டி. மாதாவக் கும்பிடுதவ நீ."

"ஒனக்கு உண்டும்லா?"

"அப்போ விதி?"

"அது நாம ரெண்டு பேரு இருக்கைல போட்டது. இப்ப ஆத்தாளும் வந்து இருக்கா. அவ கையெழுத்துப் போட்டாளா? தலைக்குத் தண்ணி ஊத்துத வரைக்கும் அவ வச்சதுதான் சட்டம். பேசாமப் படு."

கோமு படுத்தாள். ஸ்டெஃபி ஜன்னலோரம் போய்க் கடை முதலாளிக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, ஒரு வாரம் வர முடியாது. எங்க வீட்டுல அம்மை போட்டிருக்கு."

எங்க வீடு என்றாள், அறை என்று சொல்லவில்லை. கோமு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, வெட்கத்தை விட்டு அழுதாள்.