ஒரு தலைக்கு ரெண்டு கோட்

பெயின்ட் கம்பெனியில் கலர் மேட்சிங் பிரிவுக்குத் தலைவராக இருந்தவருக்கு, அந்தப் பிரிவுக்கு வெளியே இருந்த உலகம் மொத்தமும் ஷேடு சரியில்லாமல்தான் தெரிந்தது. வானத்தைப் பார்த்தால் "நீலம் தண்ணியாப் போச்சு" என்பார். மகள் பிறந்தபோது நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்ட, தகப்பன் சொன்ன முதல் வார்த்தை "மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இருக்கே". டாக்டர் பரிசோதித்துவிட்டு மஞ்சள் காமாலை என்றார். குழந்தைக்கு அது சீக்கிரமே சரியாகிவிட்டது. தகப்பனுக்குத்தான் ஆகவில்லை. ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்ட மனுஷனை அதற்கப்புறம் யாரால் பிடிக்க முடியும்?

ஆபீசில் அவருக்கு, கடையில் நிறங்களைக் காட்டுகிற அட்டையின் பேரில், ஷேடு கார்டு என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்தது. ஒரு நாள் அது அவர் காதிலும் விழுந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அப்பேர்ப்பட்ட ஷேடு கார்டுக்கு ஓர் ஆசை வந்தது. ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே நாலு ரோடு சந்திப்பில் கம்பெனியின் பெரிய விளம்பரப் பலகை ஒன்று உண்டு. புதிதாக வரப்போகும் விலை கூடின எமல்ஷன் பெயின்ட்டுக்கு நடிகர் யாரும் வேண்டாம், நம்ம ஆள் ஒருத்தர் முகத்தையே அதில் போடலாம் என்று கம்பெனி முதலாளி பெரிய மேடம் சொல்லிவிட்டார். கடைசிச் சுற்றுக்கு வந்தது இரண்டு பேர். ஒருவர் ஷேடு கார்டு. இன்னொருவர் சேல்ஸ் மேனேஜர். ஜிம்முக்குப் போகிறவர், பல் தெரியச் சிரிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் இரண்டு பேரையும் போட்டோ எடுத்துப் பார்ப்பதாக ஏற்பாடு.

ஷேடு கார்டு கலந்த நிறங்கள் ஊரில் பாதிச் சுவரில் இருந்தன. ஒரு சுவரிலும் அவர் பெயர் இல்லை. அந்தப் பலகையில் முகம் ஏறிவிட்டால் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தார். வெளியே சொல்லவில்லை. இடைஞ்சலாக இருந்தது தலைதான். நரை ஒழுங்காகக் கோடு பிடித்து வந்திருந்தால் கம்பீரம் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். அது மழை ஒழுகின சுவர் மாதிரி திட்டுத் திட்டாக வந்திருந்தது.

"சலூனுக்குப் போயிட்டு வந்துடுங்களேன்," என்றாள் மனைவி.

"என் தலைக்கு இன்னொருத்தன் கலர் கலக்குறதா? வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்?"

"தலைக்கு வெளிய இருக்கிறது தெரிஞ்சா பரவாயில்லைங்க. உள்ள இருக்கிறது தெரியாம பார்த்துக்குங்க."

அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். எதிரே லாரி வந்தாலும் குரல் உயராது. பக்கத்து சீட்டில் தனக்கென்று ஒரு பிரேக் இருக்கிற தைரியம். கல்யாணத்தில் மட்டும் அதைப் பொருத்தித் தர மறந்துவிட்டார்கள்.

ஆக, வேலை வீட்டிலேயே நடப்பதாக முடிவாயிற்று. உதவிக்கு காலேஜில் படிக்கும் மகள். அவளுடைய கிரீம், சீரம், டோனர் வகையறாவுக்குக் கொடுத்தது போக மிச்சமிருந்த இடத்தில்தான் அந்தக் குடும்பம் குளித்துக்கொண்டிருந்தது. முந்தின நாளே அப்பாவின் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு டை தடவி, அரிப்பு எதுவும் வரவில்லை என்று பார்த்து வைத்திருந்தாள்.

"முதல்ல முகம்ப்பா. இது கிளே மாஸ்க். களிமண். பூசிட்டு, காஞ்சதும் கழுவிடணும்."

ஷேடு கார்டு டப்பாவில் விரலைவிட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். "பட்டி," என்றார்.

"என்னது?"

"சுவத்துக்குப் பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி குழி மேடு தெரியாம பூசுவாங்களே, பட்டி. அதேதான். இதுக்கா இவ்வளவு விலை குடுக்கிறே? நம்ம குடோன்ல மூட்டை மூட்டையாக் கிடக்கு."

"அதைப் பூசினா ரொம்ப நல்லது," என்றாள் மனைவி. "அப்படியே ஒரு ஆணி அடிச்சு காலண்டர் மாட்டிடலாம்."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கோட் போதும் என்று மகள் சொன்னதையும்தான். எந்தச் சுவருக்கும் ரெண்டு கோட் பட்டி என்பது அவருடைய வேதம். கண்ணும் மூக்குத் துவாரமும் வாயும் மட்டும் மிச்சமாக, நெற்றியிலிருந்து தாடைவரை சாம்பல் நிறத்தில் பூசிக்கொண்டு நின்றார். புதிதாகக் கட்டி இன்னும் குடி வராத வீடு மாதிரி இருந்தார்.

"பட்டி காயுற நேரத்துல கலரைக் கலக்கிடணும்," என்றார் உதடு அசையாமல். "சும்மா நிக்கிறவன் பெயின்டரே இல்ல."

கருப்பு டை வாங்கி வைத்திருந்தார். ஆனால் தனிக் கருப்பு என்பது செத்த கருப்பு, அதற்குள் ஒரு துளி சிவப்பு ஒளிந்திருந்தால்தான் உயிர் வரும் என்பது அவர் சித்தாந்தம். மகளின் அலமாரியிலிருந்து பர்கண்டி என்கிற கருஞ்சிவப்பு டை டியூப்பை எடுத்துப் பிதுக்கினார். துளி என்று அவர் சொன்னது கிண்ணத்தில் பாதிக்கு வந்தது.

"அளந்து போடுங்கப்பா. டப்பாவிலேயே அளவு போட்டிருக்கு."

"அளந்து போடுறவன் அப்ரென்டிஸ். கண்ணால அளக்கிறவன்தான் மேட்சர்."

அவர் கிண்ணத்தின் மேல் குனிந்து, பயபக்தியோடு கலக்க ஆரம்பித்தார். முகத்தில் பட்டி நன்றாக இறுகிவிட்டது. மனைவி அருகில் வந்து, கன்னத்தை விரல் நுனியால் தட்டிப் பார்த்தாள். சத்தம் வந்தது.

"ஏங்க, பட்டி காஞ்சுடுச்சு. தேய்க்க உப்புத்தாள் எடுத்துட்டு வரவா?"

ஷேடு கார்டு சாதாரணமாகச் சிரிக்கிற ஆள் இல்லை. நிறத்தை அளக்கிறவன் சிரித்தால் அளவு ஆடும் என்பார். எந்த போட்டோவிலும் அவர் பல் வெளியே வந்ததில்லை. கல்யாண போட்டோவில்கூட பெண் வீட்டார் ஏதோ ஏமாற்றிவிட்ட மாதிரிதான் நிற்கிறார். ஆனால் சிரிக்கவே கூடாது என்று முகத்தை இறுக்கிக் கட்டிவைத்திருக்கும்போது வருகிற சிரிப்பு இருக்கிறதே, அது பொல்லாதது. முதலில் தோள் குலுங்கியது. மூக்குக்குப் பக்கத்தில் ஒரு விரிசல் ஓடியது. பிறகு மொத்த முகமும் பொடிந்து, பாளம் பாளமாகக் கொட்டியது. பாதி சட்டையில். பாதி கிண்ணத்தில்.

"ஏங்க, கிண்ணத்துல..."

"கலக்குறவன்கிட்டப் பேசாதே," என்றார், கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு. "கை தப்பிடும்."

"சரி," என்றாள். சொன்னால் கேட்காத மாணவனை, ஆபத்தில்லாத ஏதாவது கல்லில் மெதுவாக ஒரு தடவை இடிக்க விடுவது அவளுடைய பாடமுறை. மகள் வாயைத் திறந்தாள். அம்மா அவள் காலை மிதித்தாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மனைவி பிரஷ்ஷால் பூச, அவர் கண்ணாடியைப் பார்த்து உத்தரவு போட்டார். மேலிருந்து கீழே. திருப்பி அடிக்காதே. ஓரம் பிசிறக் கூடாது. கொஞ்ச நேரம் போனது. தலை கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது.

"போதும். கழுவிடலாம்."

"என்னப்பா, அரை மணி நேரம் வைக்கச் சொல்லியிருக்கு. பாதிகூட ஆகல," என்றாள் மகள்.

"டப்பாவில எழுதினவன் எந்தச் சுவத்துக்குப் பெயின்ட் அடிச்சிருக்கான்? ஈரத்துல பார்க்கிற கலர் வேற, காஞ்ச கலர் வேற. எமல்ஷன் காஞ்சா கருக்கும். இது இப்பவே இவ்வளவுன்னா, காஞ்சப்புறம் தார் ரோடு மாதிரி ஆயிடும்."

எமல்ஷனைப் பொறுத்தவரை அவர் சொன்னது சத்தியம். தலைமுடி எமல்ஷன் இல்லை என்பதுதான் சின்ன விஷயம்.

கழுவினார். ஈரத் தலை கருகருவென்று இருந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் இரண்டு நடை நடந்தார். மகள் ஹேர் டிரையரைப் போட்டாள். காற்று பட்ட இடமெல்லாம் கருப்பு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. முதலில் காபி, பிறகு செங்கல், அதற்கப்புறம் அதையும் தாண்டி.

இரும்பு கேட் செய்து கொண்டுவந்ததும் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு செங்காவிப் பூச்சு அடிப்பார்கள். அந்த நிறம். நரை இருந்த இடமெல்லாம் அந்த நிறம்; அங்கேதான் நன்றாகப் பிடித்திருந்தது.

"ரெட் ஆக்சைடு," என்றார் ஷேடு கார்டு மெல்லிய குரலில். தொழில் நேர்மை அவரைவிட்டுப் போகவில்லை. "பிசிறே இல்லாத ரெட் ஆக்சைடு."

உடனே மறுபடி டை போட்டால் தலை வெந்துவிடும் என்றாள் மகள். மனைவி ஹெல்மெட்டைக் காட்டினாள். அவர் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

"நான் போகல. சேல்ஸையே போடட்டும். எனக்கு எதுக்கு போர்டு, கீர்டு எல்லாம்." தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். "சுவருக்குள்ள இருக்கிறவன் சுவருக்குள்ளயே இருந்துட்டுப் போறேன்."

மனைவி கார் சாவியை எடுத்தாள். "வண்டியைக் கொண்டுபோய் முட்டினவங்க எல்லாரும் என்கிட்ட இதையேதான் சொல்றாங்க, இறங்கி நடந்தே வீட்டுக்குப் போயிடறேன்னு. நான் இறங்க விடுறதில்லை. ரிவர்ஸ் எடுன்னு சொல்வேன். எந்திரிங்க."

கம்பெனி மீட்டிங் ஹாலில் விளக்குகளும் கேமராவும் தயாராக இருந்தன. சேல்ஸ் மேனேஜருக்கு ஏற்கெனவே எடுத்து முடித்திருந்தார்கள். அத்தனை படத்திலும் ஒரே சிரிப்பு, அச்சில் வார்த்த மாதிரி. உள்ளே வந்த தலையைப் பார்த்ததும் அந்தச் சிரிப்புக்கே கொஞ்சம் தடுமாற்றம்.

"என்ன சார், தலையில ஏதாவது பிரச்சினையா?"

"பிரச்சினை இல்ல. நிறம்," என்றார் ஷேடு கார்டு, மிச்சமிருந்த கம்பீரத்தைக் கூட்டிப் பெருக்கி.

போட்டோகிராபர் அவரை விளக்கடியில் உட்கார வைத்தார். பெரிய மேடம் எழுந்து பக்கத்தில் வந்து, தலையைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டார்.

"இது என்ன ஷேடு?"

வேறு எதைப் பற்றிக் கேட்டிருந்தாலும் அவர் ஒரு பொய் சொல்லித் தப்பித்திருப்பார். ஷேடு பற்றிக் கேட்டுவிட்டார்களே. அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல அவர் நாக்குக்குப் பழக்கமில்லை.

"ரெட் ஆக்சைடு, மேடம். பிரைமர்தான். மேல் கோட் அடிக்க நேரம் பத்தல."

கதவோரமாக நின்றிருந்த மனைவி கைப்பையைத் திறந்து, ரொம்பப் பொறுப்பாகத் தேடுகிற மாதிரி தேடினாள்.

"ஏங்க, உப்புத்தாள் கொண்டுவந்திருக்கேன். வேணுமா?"

அவ்வளவுதான். தோள் குலுங்கியது. இந்தத் தடவை உடைந்து விழ முகத்தில் பட்டி இல்லை. நேராகச் சிரிப்பே வந்தது, அத்தனை பல்லோடும். பெரிய மேடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த போட்டோகிராபர் கேமரா பட்டனிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.

"பிரைமருக்கு யார் விளம்பரம் பண்றாங்க?" என்றார் பெரிய மேடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "யாரும் பண்றதில்லை. நாம பண்ணுவோம்."

நாலு ரோடு சந்திப்பில் பலகை ஏறியது. எமல்ஷனுக்கு இல்லை, துருவுக்கு அடிக்கிற பிரைமருக்கு. மேகத்தை முட்டுகிற உயரத்தில் ஷேடு கார்டு தலை பளபளக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். சேல்ஸ் மேனேஜருக்கும் அநியாயம் நடக்கவில்லை; அவர் முகம் எமல்ஷன் டப்பாவின் மூடியில் வந்தது. திறக்கிறவர்கள் எல்லோரும் ஸ்க்ரூ டிரைவரை அவர் தாடையில் கொடுத்துத்தான் நெம்புகிறார்கள்.

பலகை ஏறியதும், கடை திறப்பு, டீலர் கூட்டம் என்று எல்லா இடத்திலும் அதே தலையோடு வந்து நிற்கச் சொன்னார்கள். வேர்க்காலில் நரை எட்டிப் பார்த்தது. ஷேடு கார்டு சலூனிலிருந்து வெட்டிய நரைமுடி வாங்கிவந்து, ஆபீஸ் அறையைப் பூட்டிக்கொண்டு, அதே கருப்பு, அதே பர்கண்டி, அதே அவசரம் என்று கலந்து கலந்து பார்த்தார். ஒரு தடவை பீட்ரூட். ஒரு தடவை சாக்லேட். ஊரில் எந்தச் சுவரையும் மேட்ச் பண்ணத் தெரிந்தவருக்குத் தன் தலையை மேட்ச் பண்ண முடியவில்லை. அவர்தான் அளக்கவில்லையே.

கடைசியில் வீட்டுக்கு வந்து, கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டார். "அன்னிக்கு ஏதோ சொல்ல வந்தியே. கிண்ணத்துலன்னு."

"கலக்குறவன்கிட்டப் பேசாதேன்னீங்க."

"இப்ப பேசேன்."

"பட்டிங்க. நீங்க சிரிச்சப்ப பாதி அதுலதான் விழுந்துச்சு."

அவர் மறுபடி கிண்ணத்தை எடுத்தார். களிமண்ணை ஸ்பூனால் அள்ளிப் போட்டுப் பார்த்தார். வரவில்லை. முகத்தில் காய்ந்து, எண்ணெயை இழுத்துக்கொண்டு, தானாக உடைந்து விழுந்தால்தான் அந்த ஷேடு வந்தது. ஏன் என்று அவருக்கும் தெரியாது. தெரியாது என்று வாய்விட்டுச் சொன்னது அந்த வீட்டில் அதுவே முதல் தடவை.

அதனால் இப்போதெல்லாம் நரை தலைகாட்டினால் ஷேடு கார்டு முகத்தில் ரெண்டு கோட் பட்டி பூசிக்கொண்டு, கிண்ணத்தின் மேல் குனிந்து உட்கார்ந்துவிடுகிறார். கலக்குவது மனைவி. அவர் வேலை சிரிப்பது மட்டும். உப்புத்தாள் பழசாகிவிட்டது, இப்போது அதற்குச் சிரிப்பு வருவதில்லை. அவள் புதிதாக ஏதாவது கொண்டுவர வேண்டியிருக்கிறது.

"சீக்கிரம் சொல்லு. இறுகிடுச்சு," என்றார் உதடு அசையாமல்.

"நேத்து ஒரு பையன் நம்ம போர்டு பக்கத்துல திடீர்னு வண்டியை நிறுத்திட்டான்ங்க. பின்னாடி ஒரே ஹாரன். ஏம்ப்பா நிறுத்தினேன்னு கேட்டேன். மேல சிவப்பு எரியுதே மிஸ்ங்கிறான்." அவள் ஸ்பூனைக் கையில் எடுத்துக்கொண்டாள். "சிக்னல்ல பச்சைங்க."

தோள் குலுங்கியது. மூக்கோரம் விரிசல் ஓடியது.

"கொஞ்சம் இடது பக்கமாச் சிரிங்க," என்றாள். "கிண்ணம் இங்க இருக்கு."