படத்துக்கு மாட்டிய தொப்பி

பதினொரு வருஷமாக என் அக்கா அந்த உணவகத்தில் பாத்திரம் கழுவினாள். சமையல் வேலை கேட்டபோதெல்லாம், "உங்க ஆளுங்க கைபட்டா சாப்பிட வர்றவங்க முகம் சுளிப்பாங்க" என்பார் மேலாளர்.

ஒருநாள் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்கு உணவகக் கம்பெனி இலவசச் சாப்பாடு கொடுத்தது. மேலாளர் அக்காவின் தலையில் சமையல்காரத் தொப்பியை மாட்டி, கையில் கரண்டியைத் திணித்தார்.

"முன்னாடி நில்லுங்கக்கா. நம்ம கம்பெனில எல்லாத் தரப்பு ஆளுங்களும் சமைக்கிறாங்கன்னு ஊருக்குத் தெரியணும்."

படமெடுப்பவர் வரும்வரை பிள்ளைகள் வெறுந்தட்டோடு காத்திருந்தார்கள். சாப்பாடு ஆறி அவலாகிவிட்டது.

"சாப்பிடுங்க கண்ணுங்களா" என்று அக்கா பரிமாறத் தொடங்கினாள்.

"இன்னும் படமே எடுக்கல!" என்று மேலாளர் கத்தினார்.

அக்கா தொப்பியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே மாட்டிக்கிட்டு நில்லுங்க சார். எனக்கு அருவருப்பா இருக்கு."

கடைசிப் பிள்ளைக்கும் பரிமாறிவிட்டு வீட்டுக்கு வந்தவள், அதன்பிறகு அங்கே வேலைக்குப் போகவில்லை.