சீனி போட்ட தேத்தண்ணியும் என் தலைமுடியும்

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு என் வலது தோள் இறுகிப் போனது. கையை மார்புக்கு மேல் தூக்கினால் உயிர் போய் உயிர் வந்தது. ஆறு மாதத்தில் தானாக விட்டுவிடும், பயிற்சி மட்டும் செய்யுங்கள் என்றார் டாக்டர். அவருக்கென்ன, வாய் வலிக்காமல் சொல்லிவிட்டார். இடுப்பு வரை முடியை வைத்துக்கொண்டு ஒற்றை இடக்கையால் தலைக்குக் குளித்துப் பார்த்தால் தெரியும்.

என் முடியை வெளியில் யாரும் பார்த்ததில்லை. முக்காடு இல்லாமல் நான் வாசலைத் தாண்டுவதில்லை. பார்க்கிறவர்கள் இரண்டே பேர். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் ஷப்னம், அப்புறம் என் வீட்டுக்காரர் லியாக்கத் அலி. ஆனாலும் எனக்கு அதில் அவ்வளவு கர்வம். ஐம்பத்து நான்கு வயதிலும் கறுகறுவென்று, விளக்கு வெளிச்சம் பட்டால் மின்னும். அது மூன்றே மாதத்தில் தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். அன்றைக்கே ஷப்னத்துக்குப் போன் போட்டேன்.

"இந்த ஞாயித்துக்கிழமை வர்றப்ப என்னைய லேடீஸ் சலூனுக்குக் கூட்டிட்டுப் போ. முடியக் கழுத்தோட வெட்டிரலாம்."

"நெசமாவாம்மா?"

"நெசமாத்தான் லா. பராமரிக்க முடியாதத எதுக்கு வச்சிக்கிட்டு?"

லியாக்கத் அலி பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யோங் பெங் ஊர் டோல் சாவடிக்குப் பக்கத்தில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாக் கடை வைத்திருக்கிறார். இருபத்தெட்டு வருடமாக மாவை வீசுகிற கை. கடையில் புயல், வீட்டில் ஒரு கோப்பையைக் கழுவி வைத்த மனிதர் இல்லை. அவர் சாப்பாட்டை அப்படியே நிறுத்திவிட்டார்.

"ரெண்டு வாரம் கொடு. பழையபடி நான் கொண்டாந்து காட்டுறேன்."

"நீங்களா? உங்க சட்டைப் பொத்தானே நான்தான் போட்டு விடணும்."

"ரெண்டு வாரம், ஹபீபா. அப்பவும் சரியாகலன்னா வெட்டிக்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

சரி என்றேன். உள்ளுக்குள் எனக்குக் கூச்சமாக இருந்தது. முப்பது வருடமாக அவருக்கு நான் செய்துதான் பழக்கம். ஒரு முக்காலியில் உட்கார்ந்து அவரிடம் தலையைக் கொடுப்பதா என்று நினைத்தாலே உடம்பு சுருங்கியது. வெட்டவும் மனசு வரவில்லை என்பதுதான் உண்மை. ஷப்னத்திடம் நாள் தள்ளிச் சொன்னேன்.

முதல் வாரம் அவர் என் தலையை ரொட்டி மாவாகவே நினைத்துவிட்டார். அந்த மாவு எண்ணெயில் ஊற ஊறத்தான் பளபளக்கும், இழுத்த இழுப்புக்கு வரும். அதே கணக்கில் திங்கட்கிழமை ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய். செவ்வாய்க்கிழமை இரண்டு. கழுவுவது என்ற பேச்சே இல்லை, மேலே மேலே ஊற்றல்தான். உள்ளங்கையால் அழுத்தி, மடித்து, தட்டினார் பாருங்கள், எந்த நேரத்தில் தூக்கி வீசிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. வியாழக்கிழமைக்குள் முடி கனத்துப்போய், தூசி எல்லாம் ஒட்டி, முன்பைவிட மங்கலாகிவிட்டது. தலையணை உறையைப் பிழிந்தால் கறி தாளிக்கலாம்.

"போதும்பா சாமி! என் தலை என்ன உங்க தோசைக் கல்லா?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. முடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம கடை புகைக்கூண்டு மாதிரியே இருக்கு. எண்ணெ மேல எண்ணெ படிஞ்சா மினுக்காது. மொதல்ல படிஞ்சத எடுக்கணும்."

என் முடியைப் புகைக்கூண்டு என்ற மனிதரோடு நான் ஒரு வேளை முழுக்கப் பேசவில்லை. ஆனால் சொன்னது சரிதான். ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து இரண்டு தடவை அலசினார். கடைசியில் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து ஊற்றினார். எண்ணெய்ப் பிசுக்கு விட்டது. முடி லேசாகி, விரல் சிக்காமல் ஓடியது. மினுமினுப்பு மட்டும் வரவில்லை. ஒன்பது நாள் போய்விட்டது, இன்னும் ஐந்து நாள்தான். இரவில் எழுந்து எழுந்து பின்னலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் அவர் போனில் எதையோ பார்த்துவிட்டு உற்சாகமாகக் கடையிலிருந்து வந்தார். கையில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் பை. உள்ளே ஆறிப்போன தேத்தண்ணி.

"கறுப்பு முடிக்கு இதுதானாம். கடைசியா ஊத்திட்டு அலசாம விட்டுரணுமாம். நானே கலக்கிக் கட்டிக்கிட்டு வந்தேன்."

அலசி முடித்துப் பையின் மூலையைக் கடித்துத் திறந்து ஊற்றினார். ஊற்றினாரா? கையை மேலே மேலே தூக்கி, கடையில் தேத்தண்ணியை நுரைக்க ஆற்றுவது போலவே இழுத்து ஊற்றினார். நல்லவேளை, நுரை வரவில்லை.

காய்ந்த பிறகு முடி ஒரு மாதிரி விறைப்பாக நின்றது. தேயிலைச் சாற்றின் இறுக்கமாயிருக்கும் என்று நினைத்துப் படுத்துவிட்டேன். சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தபோது பிடரியில் ஊறியது. கழுத்தில் ஊறியது. விளக்கைப் போட்டால் தலையணை முழுக்கச் சீனி எறும்பு, சுவரிலிருந்து வரிசை பிடித்து வந்துகொண்டிருந்தது.

"ஏங்க! தேத்தண்ணில சீனி போட்டீங்களா?"

தூக்கக் கலக்கத்தில் எழுந்து உட்கார்ந்தவர் தன் வலது கையையே பார்த்தார். எங்கள் பக்கம் பால் விடாத தேத்தண்ணிக்குத் 'தே ஓ' என்று பேர். சீனி வேண்டாம் என்றால் 'கோசோங்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் கை தன்பாட்டுக்கு இரண்டு கரண்டி சீனியைப் போட்டுவிடும். இருபத்தெட்டு வருடப் பழக்கம்.

"அலமாக்! நீ கோசோங்னு சொல்லலியே, ஹபீபா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தலையணையைத் தூக்கி எறிந்தேன். எறும்போடு சேர்ந்து அவர் மடியில் விழுந்தது. அவர் எழுந்து ஆடிய ஆட்டத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் வலிக்க வலிக்கச் சிரித்தேன். அந்த மூன்று மாதத்தில் நான் அப்படிச் சிரித்ததே இல்லை.

இரண்டு நாள் எலுமிச்சைத் தண்ணீரில் அலசி அலசிச் சீனியை எடுத்தோம். பதின்மூன்றாம் நாள், சனிக்கிழமை, மறுபடியும் ஒரு பை வந்தது. ஊற்றுவதற்கு முன்னால் இருவரும் ஆளுக்கொரு வாய் குடித்துப் பார்த்தோம். கசந்தது. மனுஷர் சந்தோஷமாக ஊற்றினார்.

மறுநாள் ஷப்னம் வந்தாள். வந்ததும் வராததுமாக, "கெளம்பலாமாம்மா, சலூன்ல சொல்லி வச்சிருக்கேன்," என்றாள். நான் முக்காட்டை எடுத்து, சன்னல் பக்கம் திரும்பி நின்றேன். அவள் பின்னால் வந்து முடியை அள்ளிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"எப்படிம்மா இப்படி மின்னுது? யாரு செஞ்சா?"

"உங்க அத்தாவக் கேளு."

அத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு, தேத்தண்ணியில் சீனி போடக் கூடாது என்று மகளுக்குப் பாடம் எடுத்தார். எறும்புக் கதையை மட்டும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நுனியில் இரண்டு விரற்கடை வெட்டிக்கொண்டதோடு சலூன் பேச்சு முடிந்தது.

அதற்குப் பிறகு கடைக்கு விடுமுறையான ஒவ்வொரு திங்கட்கிழமையும் எனக்குத் தலைக்குளியல் நாளானது. முக்காலி, ஷாம்பூத் தண்ணீர், கடைசியில் கசப்புத் தேத்தண்ணி. கூச்சம் எப்போது போனது என்று எனக்கே தெரியாது. அவர் விரல் பிடரியில் படும்போது கண்ணை மூடிக்கொண்டு கடைக் கதைகளைக் கேட்பேன். முப்பது வருடத்தில் நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டதே இல்லை.

ஐந்தாம் மாதம், கிளினிக்கில் பயிற்சி கொடுக்கும் வாசுகி என் கையைப் பிடித்து மெல்ல உயர்த்தினாள். காது வரை போனது. பிறகு தலைக்கு மேலும் போனது. "இனி எல்லாம் நீங்களே செஞ்சிக்கலாம், ஆன்ட்டி," என்றாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வீடு வரும்வரை மனசு கனத்துக் கிடந்தது. கை சரியாகிவிட்டது என்று சொன்னால் திங்கட்கிழமை போய்விடும். அதனால் நான் சொல்லவில்லை. அவர் எதிரில் கையை மடக்கியே வைத்துக்கொண்டேன். பொய்தான், அல்லா மன்னிக்கட்டும்.

மூன்று திங்கட்கிழமை அப்படியே ஓடியது. நாலாவது திங்கட்கிழமை ஷாம்பூ நுரையோடு குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"கை இன்னும் வலிக்குதா?" என்றார்.

"ஆமா, இந்தப் பக்கம் தூக்கவே முடியல."

"வாசுகி ரொட்டி கட்டிட்டுப் போக நம்ம கடைக்கு வந்துச்சு. ஒரு மாசமாச்சு. உன் கை நல்லாயிருச்சுன்னு அப்பவே சொல்லிருச்சு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நல்லவேளை, நுரை மூடியிருந்தது.

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

அவர் என் நெற்றியில் வழிந்த நுரையை விரலால் வழித்துவிட்டார்.

"கேட்டா நீ கையத் தூக்கிக் காட்டிருவியே," என்றார்.

நான் இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தேன். அவர் தண்ணீரை மொண்டார்.