அப்பா கடிக்காத முறுக்கு

1

இந்தக் கதை ஒரு டம்ளர் கஞ்சியிலிருந்து பிறந்தது. இல்லை, அது பொய். எரிச்சலில் பிறந்தது. மதுரையில் என் கீழ்த்தாடையை அறுத்துப் பின்னால் தள்ளி, ஸ்குரூ போட்டு, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ரப்பர் மாட்டி இழுத்துக் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் மெல்லவும் கூடாது, வாயைத் திறக்கவும் கூடாது. முப்பத்தோரு வருஷம் ஓயாமல் பேசியவள் நான். வேறு வழியில்லாமல் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி இப்படி இருந்தது: ‘ராஜபாளையத்தில் மழை பெய்த அன்று என் முகம்…’ (அன்று மழையே இல்லை. விட்டுவிட்டேன்.)

2

கதைக்கு அப்பா வேண்டும். இந்தத் தாடை அவருடையது. கீழ்வரிசை முன்னால் துருத்தி நிற்கும். பெயர் சௌந்தரபாண்டியன், நூல் மில்லில் ஃபிட்டர், இறந்து நாலு வருஷம். சனிக்கிழமையானால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் பால்கோவா வாங்கி வருவார். பரோட்டாவைச் சால்னாவில் கூழாகும்வரை ஊறப்போடுவார். நாங்கள் கேலி செய்வோம், அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க எதையும் கொடுப்பேன்.

(முதலில் அவரை இனிப்புப் பிரியர் என்று எழுதியிருந்தேன். இப்போது அந்த ஆள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இந்தத் தாடைக்கு முன்பல் சேராது, கடிக்க வராது; அழுத்தி மென்றால் காதுக்குக் கீழே சுளீரென்று இழுக்கும். பால்கோவாவுக்குப் பல் வேண்டாம்.)

3

அம்மா பாண்டிசெல்வி கைமுறுக்கில் கெட்டிக்காரி. தீபாவளிக்குத் தீபாவளி முதல் முறுக்கு அப்பாவுக்குத்தான். “பொறவு திங்கேன்” என்று சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ஒரு வருஷம் துவைக்கப் போட்ட சட்டையில் அது முழுசாகக் கிடந்தது.

“நான் சுட்டது அம்புட்டு எளக்காரமாப் போச்சா அவியளுக்கு?” என்று அழுதாள். அதற்குப் பிறகு முறுக்குச் சுடவே இல்லை. அப்பாவும் வாயைத் திறக்கவில்லை.

(ஏன்? ‘ஆண்பிள்ளை வறட்டு…’ அடித்துவிட்டேன். நானும்தான் சொன்னதில்லை. சோறு தின்றால் எல்லாருக்கும் வலிக்கும் என்றே ரொம்பநாள் நினைத்திருந்தேன்.)

4

ஒரு முடிவு தயாராக இருந்தது. ரப்பரைக் கழற்றிய அன்று அம்மா முறுக்குச் சுடுகிறாள், நான் கடிக்கிறேன், இருவரும் அழுகிறோம். அது நடப்பதற்குள் வேறொன்று நடந்துவிட்டது.

இதோ, சற்று முன். சிரிஞ்சில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அம்மா, நான் முகம் சுளித்ததும் நிறுத்தினாள்.

“வலிக்கா? ஆபரேசன் பண்ணுன பொறவுதானே?”

நோட்டில் எழுதிக் காட்டினேன்: ‘இல்லம்மா. சின்ன வயசிலேருந்தே. மெல்லும்போதெல்லாம்.’

இரண்டு தடவை வாசித்தாள். சிரிஞ்சைக் கீழே வைத்தாள்.

“ஏட்டி, அப்ப அவியளுக்கும் வலிச்சிருக்குமோ?”

5

ஆமாம் என்பது உண்மை. இல்லை என்று எழுதினால் அம்மா மத்தியானம் சாப்பிடுவாள்.

நோட்டு என் மடியில் இருக்கிறது. பதில் எழுதுகிறேன் என்று நினைத்து அவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நானோ உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கம் முடியப் போகிறது. ஒரு வார்த்தைதான், நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் கையை நீட்டிவிட்டாள்.